விலையைச் சொல்லாத விற்பனை

அமெரிக்காவில் புதுக் கார் ஒன்றை லீஸுக்கு எடுக்க நினைப்பவர் டீலரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. காரை என்ன விலைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள்? லீஸ் முடியும்போது அதன் மதிப்பு எவ்வளவு என்று எழுதுவீர்கள்? வட்டியைக் குறிக்கும் எண்ணான மனி ஃபேக்டர் என்ன? மற்ற கட்டணங்கள் எவ்வளவு? மொத்தம் நான்கு விவரம். மின்னஞ்சலில் இதைக் கேட்டு எழுதினால் வரும் பதில் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: “அருமையான தேர்வு! எப்போது நேரில் வர முடியும்?” மறுபடி கேட்டால், “மாதம் எவ்வளவு கட்டலாம் என்று நினைத்திருக்கிறீர்கள்?” அதற்கும் மசியாவிட்டால் ஃபோன் வரும். பேசுபவர் வேறொருவர். முந்தைய கடிதங்கள் எதையும் அவர் படித்திருக்க மாட்டார்.

அங்குள்ள தமிழர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் சேல்ஸ்மேனைத் திட்டித்தான் தொடங்குவார்கள். லீஸ் அவர்களுக்கு நெருக்கமான விஷயம். எச்-1பி விசாவின் முதல் அனுமதி அதிகபட்சம் மூன்று வருடம். லீஸும் பெரும்பாலும் 36 மாதம். தங்குவோமா, ஊர் திரும்புவோமா என்று முடிவாகாத குடும்பத்துக்கு அது வசதி. வந்த புதிதில் கிரெடிட் வரலாறு இல்லாததால் வட்டி கூடுவதும், உள்ளூர் ஆட்களைப் போலக் கறாராகப் பேச வராததும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் “அந்த ஆள் சரியில்லை, வேறு டீலரிடம் போ” என்ற ஆலோசனை கிடைக்கும். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. ஒரே வகை மழுப்பல் கடைக்குக் கடை, மாநிலத்துக்கு மாநிலம் தொடருமானால், ஆளின் குணத்தை மட்டும் காரணம் காட்டி விட்டுவிட முடியாது.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம். சண்டை எதைப் பற்றியது என்பது அதில்தான் இருக்கிறது. காரின் ஸ்டிக்கர் விலை 36,000 டாலர், பேசி முடித்த விலை 34,000 என்று வைத்துக்கொள்வோம். 36 மாதம் கழித்து அதன் மதிப்பு ஸ்டிக்கர் விலையில் 60 சதவீதம், அதாவது 21,600. இடையில் குறையும் 12,400 டாலரை 36 ஆல் வகுத்தால் மாதம் 344 டாலர் சொச்சம். இதற்கு மேல் வட்டி. பேசிய விலையையும் கடைசி மதிப்பையும் கூட்டி மனி ஃபேக்டரால் பெருக்க வேண்டும்: 55,600 பெருக்கல் 0.0025, ஆக 139 டாலர். வரிக்கு முன் தவணை சுமார் 483 டாலர். மனி ஃபேக்டரை 2400 ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய வருட வட்டி கிடைக்கும். இங்கே அது 6 சதவீதம்.

இப்போது டீலர் 0.0025 என்பதை 0.0029 ஆக்குகிறார். நான்காவது தசம இடத்தில் ஒரு சிறு மாற்றம், அவ்வளவுதான். மாதத் தவணை 22 டாலர் ஏறுகிறது. 36 மாதத்தில் சுமார் 800 டாலர். விலையில் 2,000 டாலர் குறைத்து வாங்கிவிட்டதாக வாடிக்கையாளர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே அதில் ஐந்தில் இரண்டு பங்கு வேறு வழியாகத் திரும்பிப் போய்விடுகிறது. தயாரிப்பாளரின் நிதி நிறுவனம் டீலருக்குக் கொடுக்கும் அடிப்படை விகிதம் ஒன்று. அதற்கு மேல் குறிப்பிட்ட வரம்புக்குள் டீலர் ஏற்றிக்கொள்ளலாம் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. வாடிக்கையாளரைத் தவிர.

விளம்பரமும் இதே பாணிதான். “மாதம் 399 டாலர் மட்டுமே” என்று பெரிய எழுத்து. கையெழுத்திடும்போது 3,999 டாலர் என்று பொடி எழுத்து. அதில் முதல் தவணையும் அடக்கம் என்றே கொள்வோம். மீதி 35 தவணைகளையும் கூட்டி 36 ஆல் வகுத்தால் மாதத்துக்குச் சரியாக 499 டாலர் வருகிறது. (லீஸில் பெரிய முன்பணம் கட்டுவது பொதுவாகவே புத்திசாலித்தனம் இல்லை. முதல் மாதத்திலேயே கார் விபத்தில் நொறுங்கினால் அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான்.)

“மாதம் எவ்வளவு?” என்ற கேள்வியின் உள்நோக்கம் இப்போது விளங்கும். தவணை என்பது விலை, வட்டி, கடைசி மதிப்பு, கட்டணங்கள், மைல் வரம்பு எல்லாம் கலந்த கூட்டுத்தொகை. வாடிக்கையாளர் 450 என்று வாய்விட்டால், எந்த உறுப்பை எவ்வளவு அசைத்தால் 450 வரும் என்ற சுதந்திரம் முழுக்க எதிர்த்தரப்புக்குப் போய்விடுகிறது. வருடத்துக்கு 12,000 மைல் என்று கேட்டவருக்குச் சத்தமில்லாமல் 10,000 மைல் கணக்கில் தவணை போட்டுத் தருவதும் இந்தச் சுதந்திரத்தில் அடங்கும். நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்குத் தொகை தெரியாது. துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைகளுக்கும் தெரியும். லீஸ் பேரத்தில் துண்டுக்குள்ளேயே ஒரு கைக்குத் தெரியாது.

டீலர்கள் தரப்பில் சொல்லப்படும் நியாயங்கள் உண்டு. அவற்றைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

மனி ஃபேக்டரும் கடைசி மதிப்பும் மாதாமாதம் மாறுபவை, கிரெடிட் ஸ்கோர் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்கிறார்கள். பாதி உண்மை. “முதல் தரக் கிரெடிட், இந்த மாதம், இந்த மாடல், 12,000 மைல்” என்று நிபந்தனை போட்டு எண்ணைச் சொல்வதில் எந்தத் தடையும் இல்லை. விளம்பரத்தின் பொடி எழுத்தில் அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

எழுத்தில் விலை கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து டீலரிடம் போய்விடுகிறார்கள் என்பது அடுத்த புகார். இதில் நியாயம் கூடுதல். சேல்ஸ்மேனின் வருமானம் பெரும்பாலும் கமிஷன். இருபது டீலர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பும் வாடிக்கையாளருக்கு அவர் மணிக்கணக்கில் பதில் எழுதினாலும், விற்பனை முடியாவிட்டால் அவர் கைக்குக் காசு வராது. அந்த இருபதில் பத்தொன்பது பேருக்கு மௌனமே லாபம். வாடிக்கையாளர்களின் தந்திரமும் இந்த மழுப்பலை வளர்த்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் ஏன் இருபது கடிதம் எழுதுகிறார்? முதல் கடிதத்துக்குப் பதில் வராது என்று தெரிந்ததால்.

பேரம் இருந்தால்தான் திறமையாகப் பேசுபவர் குறைந்த விலைக்கு வாங்க முடியும் என்ற வாதத்துக்குத்தான் வசீகரம் அதிகம், குறிப்பாகப் பேரத்தில் கைதேர்ந்தவர்கள் என்று தம்மை நினைத்துக்கொள்ளும் நம்மவர்களிடம். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் இயன் ஏர்ஸும் பீட்டர் சீகல்மனும் சிகாகோ வட்டார டீலர்களிடம் ஆட்களை அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரே பேர உத்தி, ஒரே வசனம். 300க்கும் மேற்பட்ட பேரங்கள். முடிவு 1995 இல் வெளியானது. வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிடக் கறுப்பின ஆண்களுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். பேச்சுத் திறமை ஒன்றே, முகம் வேறு. பின்னாளில் ஃபியோனா ஸ்காட் மார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் இணையம் வழியாக விலை கேட்டு வந்தவர்களின் தரவைப் பார்த்தபோது, சிறுபான்மையினர் கூடுதலாகக் கொடுத்துவந்த தொகை அங்கே ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தது. இரண்டும் காரை வாங்கும் விலையைப் பற்றியவை, லீஸுக்கு நேர்ச் சான்று ஆகாது. ஆனால் அசைக்கக்கூடிய உறுப்புகள் லீஸில் அதிகம். நேரில் வரச் சொல்லி வற்புறுத்துவதால் யாருக்கு லாபம் என்பதற்கு இதைவிடத் தெளிவான துப்பு வேண்டாம்.

வட்டியை ஏற்றும் வழக்கத்துக்கும் பதிவான வரலாறு உண்டு. 2015 இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையமும் நீதித் துறையும் ஹோண்டாவின் அமெரிக்க நிதி நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், கூடுதல் வட்டி கட்டியவர்களுக்கு 24 மில்லியன் டாலர் திருப்பித் தர ஏற்பாடாயிற்று. கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் ஆகியோரோடு ஆசிய வம்சாவளியினரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வழக்கு கார் கடன் பற்றியது. ஆனால் டீலர் தன் விருப்பப்படி விகிதத்தை ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு லீஸிலும் அதேதான்.

இனி சேல்ஸ்மேன். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பல நேரங்களில் எண்களே இருப்பதில்லை. அவை உள்ளே மேனேஜரின் மேஜையில் இருக்கின்றன. அவர் எழுந்து போவதும் வருவதும் வெறும் நாடகமில்லை; நாடகமாகப் பயன்படும் நிர்வாக முறை. மேனேஜருக்கு மேலே தயாரிப்பாளரின் இலக்கு நிற்கிறது. 2013 இல் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ வானொலி நிகழ்ச்சி நியூயார்க் லாங் ஐலண்டில் ஒரு கிரைஸ்லர் டீலரிடம் மாதக் கடைசியைப் பதிவு செய்தது. மாதத்துக்கு 129 கார் விற்றால் போனஸ், ஒன்று குறைந்தாலும் இல்லை. அந்தக் கணக்கில் 5 ஆம் தேதி சொல்லும் விலையும் 30 ஆம் தேதி சொல்லும் விலையும் ஒன்றாக இருக்க வழியில்லை. இன்று எழுத்தில் தந்த எண் நாளை தனக்கே பாரமாகும் என்று மேனேஜருக்குத் தெரியும். ஆகவே மழுப்புவதற்குச் சேல்ஸ்மேனை முதல் குற்றவாளியாக நிறுத்துவது அநியாயம். “ரேட்டெல்லாம் வங்கி போடுவது, எங்கள் கையில் ஒன்றுமில்லை” என்று ஏற்றிய விகிதத்தைக் காட்டிச் சொல்லும்போது மட்டும் அவர் பொய் சொல்கிறார். அந்த அளவுக்கு அவர் பொறுப்பு.

மிச்சத்தில் பெரும்பங்கை நான் சட்டத்தின் கணக்கில்தான் எழுதுவேன். 1976 இல் நுகர்வோர் லீஸ் சட்டம் வந்தது. அதன் விதிகளான ‘ரெகுலேஷன் எம்’ஐ ஃபெடரல் ரிசர்வ் 1996 இல் திருத்தி எழுதியது. அதன்படி காரின் விலை, கடைசி மதிப்பு, மொத்த வட்டித் தொகை எல்லாம் ஒப்பந்தத்தில் தெரிய வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மனி ஃபேக்டரைச் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. கடன் என்றால் வருட வட்டி விகிதத்தைச் சொல்லியே ஆக வேண்டிய அதே நாட்டில், லீஸ் என்றால் விகிதம் சொல்லத் தேவையில்லை. மேலே உள்ள கணக்கில் ஒப்பந்தம் காட்டும் மொத்த வட்டி 5,004 டாலரா 5,804 டாலரா என்பதிலிருந்து விகிதத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம். அதற்குக் கால்குலேட்டரோடும், வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளை மறந்த நிதானத்தோடும் உட்கார வேண்டும். ஏனென்றால் இந்த விவரங்கள் உள்ள தாளை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் கொடுத்தால் போதும் என்கிறது விதி; ஐந்து நிமிடம் முன்பும் ‘முன்’தான். அதாவது பேரம் முடிந்து, ஃபைனான்ஸ் அறையில் பேனா கைக்கு வந்த பிறகு.

சரி செய்ய முயலவில்லையா? ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 டிசம்பரில் கார் விற்பனைக்கென ஒரு விதியை அறிவித்தது. குறிப்பிட்ட காரைப் பற்றிய விசாரணைக்குப் பதில் சொல்லும்போதே அதன் முழு விலையைச் சொல்ல வேண்டும். மாதத் தவணையைச் சொன்னால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். டீலர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. உரிய முன்னறிவிப்பு நடைமுறையைக் கமிஷன் பின்பற்றவில்லை என்று ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் விதியை ரத்து செய்தது. தோற்றது நடைமுறையில்தான். ஆனாலும் அந்த விதி பிழைத்திருந்தால் எல்லாம் தெளிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதிலும் மனி ஃபேக்டர் கட்டாயம் ஆக்கப்படவில்லை.

பேரமே வேண்டாம், ஒரே விலை என்று வைத்துவிட்டால் என்ன என்போர் டெஸ்லாவைக் காட்டுவார்கள். டீலர் இல்லை, திரையில் தவணை தெரிகிறது, யாரும் உள்ளே எழுந்து போவதில்லை. உண்மைதான். அதே டெஸ்லா 2019 இல் மாடல் 3 லீஸைத் தொடங்கியபோது, முடிவில் அந்தக் காரை வாடிக்கையாளர் விலைக்கு வாங்கிக்கொள்ள முடியாது என்றும் தெளிவாகவே சொன்னது. மற்ற லீஸ்களில் சாதாரணமாக இருக்கும் உரிமை அது. பேச்சு தெளிவாவதும் நிபந்தனை நியாயமாவதும் தனித்தனிக் காரியங்கள். நான் இங்கே கேட்பது முதலாவதை மட்டும். பேரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை.

என் தீர்ப்பு இது. லீஸ் பேச்சில் உள்ள எரிச்சல் பழக்கவழக்கக் கோளாறு இல்லை, வருமானம் தரும் ஏற்பாடு. சேல்ஸ்மேன் அதில் கூலியாள். டீலர் அதை நடத்துபவர். அவர் சொல்லும் நியாயங்களில் பாதி நிற்கும், அந்தப் பாதியும் எண்களை மறைப்பதற்குப் போதாது. அதை அனுமதிப்பது விதியில் உள்ள இரண்டு ஓட்டைகள். மனி ஃபேக்டரும் அதில் டீலர் ஏற்றிய பங்கும் ஒப்பந்தத் தாளில் தனி வரியாக வர வேண்டும். அந்தத் தாள், வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டால், முதல் விலைக் கடிதத்தோடு போக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். 2010 இன் டாட்-ஃபிராங்க் சட்டம் கார் டீலர்களை நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து விலக்கிவிட்டதால், டீலர்களைப் பொறுத்தவரை ரெகுலேஷன் எம் இன்னும் ஃபெடரல் ரிசர்வின் கையில் இருக்கிறது. 1996 இல் எழுதிய அதே கைதான். அது எழுதும்வரை, ஒப்பந்தத் தாளின் நகலை நேரில் போவதற்கு முன்பே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்; அனுப்பும் டீலர்களும் இருக்கிறார்கள்.