யாருக்கு இது எதிர்காலம்? – எதிர்-உட்டோப்பிய நாவல்கள் குறித்துச் சில குறிப்புகள்

எதிர்-உட்டோப்பிய நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமான வாசகர்கள் எதிர்ப்படுகிறார்கள். ‘அப்பவே சொல்லிட்டாங்க பாருங்க’ என்று நாவலாசிரியரை ஜோசியராக்கிக் கும்பிடுபவர்கள் ஒரு வகை. ‘ஒண்ணும் பலிக்கலையே’ என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இன்னொரு வகை. பிரதியைத் தீர்க்கதரிசனமாக வாசிப்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. என் கேள்வி வேறு. யாருடைய ஞாபகத்தை எடுத்துக்கொண்டு இந்நாவல்கள் எதிர்காலம் என்ற ஒன்றை எழுதுகின்றன?

மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) நாவலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கிலியட் என்கிற மதவாத ஆட்சி வந்துவிட்டது. கருத்தரிக்கக்கூடிய பெண்கள் கமாண்டர்களின் வீடுகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர அனுப்பப்படுகிறார்கள். கதைசொல்லியின் பெயர் ஆஃப்ஃப்ரெட், அதாவது ஃப்ரெட் என்பவனுக்குரியவள்.

இதில் என்னை உலுக்குவது பிணங்கள் தொங்கும் அந்தச் சுவர் அல்ல. ஒரு கடைக் காட்சி. சிகரெட் வாங்கப் போகிறாள். அவளுடைய கணக்கு எண் செல்லாது என்கிறான் கடைக்காரன். அன்றைக்கே வேலையும் போகிறது. பெண்களின் பணமெல்லாம் கணவனுக்கோ நெருங்கிய ஆண் உறவினனுக்கோ போய்ச் சேருகிறது. நான் இருக்கேன், பார்த்துக்கறேன் என்கிற தோரணையில் கணவன் ஆறுதல் சொல்கிறான். கெட்டவன் இல்லை, நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த ஆறுதலின் வழியாகத்தான் அரசு படுக்கையறைக்குள் வருகிறது. அதிகாரம் பற்றிய நம் கோட்பாட்டுக் கட்டுரைகள் மூச்சு முட்டச் சொல்வதை ஒரு பாக்கெட் சிகரெட்டை வைத்துச் சொல்லிவிட முடிகிறது. இந்த வகைமையின் பலம் இதுதான். ஆர்வெல்லின் ‘1984’ (1949) இதையே மொழியில் செய்து காட்டியது. அகராதி பதிப்புக்குப் பதிப்பு மெலிகிறது; சொல் செத்தால் அந்தச் சொல்லால் யோசிக்கக்கூடிய கலகமும் செத்துவிடும் என்பது கட்சியின் கணக்கு.

இந்தப் பலம் எங்கிருந்து கிடைக்கிறது என்று பார்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இழப்பதற்கு ஏதோ வைத்திருந்த ஒரு கதைசொல்லி இதற்குத் தேவைப்படுகிறார். வேலை, வங்கிக் கணக்கு, சொந்தப் பெயர் என்று ஒரு ‘முன்பு’ இருந்தால்தான் ‘இப்போது’ பயங்கரமாகத் தெரியும். அந்த ‘முன்பு’ வாய்க்காதவர்களுக்கு இக்கதையாடலில் இடம் எங்கே?

கிலியட்டில் கறுப்பின மக்கள் என்ன ஆனார்கள்? தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு துணுக்கு வருகிறது: ‘ஹாமின் பிள்ளைகள்’ வடக்கு டகோட்டாவில் குடியேற்றப்படுகிறார்கள். அவ்வளவுதான், ஆளைக் காணோம். வரலாற்றில் எங்கும் நடந்திராத எதையும் நாவலில் சேர்க்கவில்லை என்று அட்வுட் சொல்லியிருக்கிறார். சரிதான். 1966இல் ருமேனியா கருக்கலைப்பைத் தடை செய்தது. பிள்ளை பெறுவது நாட்டுக்கான கடமையாக்கப்பட்டது. ஆனால் உடைமைக்காரனின் பெயரைச் சுமப்பது, எழுத்தறிவுக்குத் தடை, பெற்ற பிள்ளை இன்னொருவனின் சொத்தாவது ஆகிய எல்லாமே அதே அமெரிக்க மண்ணில் அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்கள் வாழ்ந்து தீர்த்தவை. ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன் வரலாற்றில் இது இருக்கிறது. எஜமானிடமிருந்து தப்பி, நிமிர்ந்து நிற்கவும் முடியாத ஒரு பரணில் ஏறத்தாழ ஏழு வருஷம் ஒளிந்து கிடந்தவர் அவர். கிலியட்டிலிருந்து தப்பும் ரகசியப் பாதையின் பெயர்கூட அடிமைகள் தப்பிய ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ என்பதை ஒட்டி வைத்ததுதான். பாடு அவர்களுடையது, கதை இவர்களுடையது என்றாகிறது.

ஆர்வெல்லும் விலக்கல்ல. மக்கள்தொகையில் 85 சதவீதம் ‘ப்ரோல்கள்’. நம்பிக்கை அவர்களிடம்தான் என்று டைரியில் எழுதுகிறான் வின்ஸ்டன். ஆனால் துணி காயப்போட்டபடி பாடுகிற அந்தப் பெண்பிள்ளை என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி கிடையாது. ஜன்னலிலிருந்து பார்க்கிறான், அழகு என்கிறான், முடிந்தது.

ஆக்டேவியா பட்லரின் ‘பாரபிள் ஆஃப் தி சோவர்’ (1993) இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. 2024இல் தொடங்கும் கதை. பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண் லாரனுக்குப் பெரியவர்கள் பேசும் ‘நல்ல காலம்’ வெறும் பழங்கதை. அவள் அதற்காக ஏங்குவதில்லை. எந்தச் செடியைத் தின்னலாம் என்று படிக்கிறாள். ஓட வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு போக மூட்டை கட்டி வைக்கிறாள். அடுத்த நாவலில் (1998) அமெரிக்காவை மறுபடி மகத்தானதாக்குவோம் என்கிற அரசியல்வாதி ஒருவன் வருகிறான். 2016க்குப் பிறகு பட்லரையும் ஜோசியராக்கிவிட்டார்கள். ரீகன் 1980லேயே தேர்தலில் பயன்படுத்திய கோஷம் அது. பட்லர் மறக்கவில்லை, அவ்வளவே. இத்தனைக்குப் பிறகு மனிதகுலம் நட்சத்திரங்களுக்குப் போய் வேரூன்றும் என்று அவர் விமோசனம் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கால்நடையாகத் தப்பி வந்த சனங்களுக்கு ராக்கெட் டிக்கெட் யார் எடுத்துத் தருவார்கள்?

அட்வுட்டுக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்லியாக வேண்டும். நாவலின் முடிவில், 2195இல், ஒரு கருத்தரங்கு நடக்கிறது. ஆஃப்ஃப்ரெட் பேசிப் பதிந்த கேசட்டுகளைப் பற்றிப் பேராசிரியர் உரையாற்றுகிறார். ஜோக்கடிக்கிறார், சபை சிரிக்கிறது. கமாண்டர் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு அக்கறை. அந்தக் கமாண்டரின் கம்ப்யூட்டரிலிருந்து இருபது பக்கம் கிடைத்திருந்தால் தேவலையே என்று அங்கலாய்க்கிறார். அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பது விமர்சகர்களாகிய நாம்தான். உரையை முடித்துவிட்டு, கேள்வி ஏதும் உண்டா என்கிறார் பேராசிரியர்.

உண்டு. வடக்கு டகோட்டாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் யாராவது பேசிய கேசட் ஏதாவது கிடைத்ததா?