கோ-டாக் 9+: ஒன்பது கட்டங்களில் எவ்வளவு பேசலாம்?

பேச்சு வராத, பேச்சு தாமதமாகும் குழந்தைகள் படத்தைத் தொட்டுப் பேச உதவும் கருவிகளில் எளிமையானது, அமெரிக்காவின் அட்டெய்ன்மென்ட் நிறுவனம் தயாரிக்கும் கோ-டாக் 9+. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பலகை. ஏஏ பேட்டரியில் ஓடும். திரையும் இல்லை, இணையமும் வேண்டாம். டேப்லெட்டைக் கொடுத்ததும் யூடியூப் தேடும் பிள்ளை உள்ள வீட்டில் இதுவே பெரிய நிம்மதி.

ஒன்பது பெரிய கட்டங்கள், ஐந்து நிலைகள்; நிலையை மாற்றினால் அதே கட்டம் வேறு செய்தியைச் சொல்லும். ஆக 45 செய்திகள். நிலையை மாற்றினாலும் மாறாத பொத்தான்கள் இன்னும் மூன்று. படத்தாளைச் செருகி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாமே பேசிப் பதிய வேண்டும். இயந்திரக் குரல் இல்லாததால் வீட்டில் பேசும் தமிழே கருவியிலும் ஒலிக்கும். "தண்ணி குடு" என்றே பதியலாம். ஆறு வயதுச் சிறுமிக்குத் தாத்தாவின் குரல் பொருந்தாது; அவள் வயதை ஒட்டிய ஒரு பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள்.

எதைப் பதிகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'சாப்பாடு', 'பாத்ரூம்' என்று மட்டும் நிரப்பினால் அது பெரியவர்களின் வசதிக்கான பட்டியல். மாறாத மூன்றில் 'வேணாம்', 'இன்னும்', 'இங்க வா' மூன்றையும் வைப்பேன். ஒரு நிலை முழுக்க விளையாட்டுக்கு: 'இப்ப என் முறை', 'நீ ஏமாத்துற!' சண்டை போடவும் சொல் வேண்டுமே. நாமும் அதே பொத்தான்களை அழுத்திப் பேசிக் காட்ட வேண்டும். எந்தக் குழந்தையும் மாதக்கணக்கில் கேட்ட பிறகுதான் பேசத் தொடங்குகிறது.

குறைகளும் உண்டு. படத்தாளை மாற்றப் பெரும்பாலும் பெரியவர் கை வேண்டும். விரல் கட்டுப்பாடு குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டங்களைப் பிரிக்கும் தடுப்புச் சட்டம் தனியாக வாங்க நேரலாம். எல்லாவற்றிலும் பெரிய குறை, நாம் யோசித்துப் பதிந்ததை மட்டுமே குழந்தையால் சொல்ல முடியும். இங்கே முந்துவது, சென்னையில் பொறியாளர் அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உருவாக்கிய ஆவாஸ் என்ற பேச்சுக் கருவி. அதன் செயலியில் தமிழ் உண்டு. சொற்களைக் கோத்துப் புது வாக்கியம் அமைக்கலாம், எழுத்துப் பழகியதும் விசைப்பலகைக்கு மாறலாம்.

"கருவி பழகினால் வாய்ப்பேச்சு நின்றுவிடாதா?" என்பது பெற்றோரின் பெரிய பயம். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஆய்வுரையில், நம்பத்தக்க முறையில் ஆராயப்பட்ட 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சற்றுக் கூடியிருந்தது.

தீர்ப்பு: முதல் கருவியாகவும் வகுப்பறையின் பொதுக் கருவியாகவும் தாராளமாக வாங்கலாம், அதோடு நிறுத்திவிடக் கூடாது. பலகையில் இல்லாததைச் சொல்லப் பிள்ளை தவிக்கத் தொடங்கினால் செயலிக்கு மாறுங்கள். எதை வாங்கினாலும், முதலில் பேச்சுப் பயிற்சியாளர் முன்னிலையில் குழந்தையைத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.