அப்பா முன்னால் படிக்கக்கூடிய காதல்

எங்கள் பக்கத்தில் ஒரு கதைப் புத்தகத்தை 'நல்ல புத்தகம்' என்று யாராவது சொன்னால், அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. வீட்டில் அதை எங்கே வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம் என்று அர்த்தம். திண்ணையில், டிவி மேல், மாதா படத்துக்குக் கீழே இருக்கிற பலகையில். அப்பா எடுத்துப் புரட்டினால் எந்தப் பக்கத்தில் அவர் கண் நிற்குமோ என்று பயப்பட வேண்டாம். அலங்கார அன்னை கோயிலைச் சுற்றியே வாழ்க்கை நகர்கிற வரதராஜன்பேட்டை மாதிரி ஊரில், ஒரு பெண் காதல் கதை படிக்க வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்துக்கு இப்படி ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டது. முந்திரி உடைக்கிற மத்தியானங்களில் கைமாறிக்கொண்டிருந்த மாத நாவல்களும், பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டிங் செய்த கல்கி தொடர்களும் அந்தச் சான்றிதழோடுதான் சுற்றின.

இந்த மாதிரிக் கதைகளில் அப்படி என்னதான் இருக்கிறது? வழக்கமாகச் சொல்லும் பதில், "அசிங்கமா எதுவும் இருக்காது" என்பது. எனக்கு இந்தப் பதில் போதவில்லை. அப்பா ஏன் அனுமதித்தார் என்பதை இது விளக்குகிறது. பெண் ஏன் ராத்திரி ஒரு மணி வரை கண் விழித்துப் படித்தாள் என்பதை விளக்கவில்லை. எதுவும் *இல்லாததற்காக* யாரும் அறுநூறு பக்கம் படிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பெரிய புத்தகச் சந்தை இருக்கிறது. கிறிஸ்தவப் பதிப்பகங்கள், பழைய காலத்துப் பின்னணி, முத்தத்தோடு நின்றுவிடும் காதல். அதன் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது கனடாக்காரரான ஜேனட் ஓக் 1979இல் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' என்ற நாவலை. கதை எளிது. மேற்கு நோக்கிக் குடிபெயரும் வழியில் மார்ட்டி என்ற இளம் பெண்ணின் கணவன் செத்துப்போகிறான். போக்கிடம் இல்லை, வயிற்றில் பிள்ளை. மனைவியை இழந்த கிளார்க் என்பவன் வந்து, என் மகளுக்கு ஒரு தாய் வேண்டும், கல்யாணம் செய்துகொள்வோம், வசந்த காலத்தில் உனக்கு ஊருக்குத் திரும்பிப் போகத் தோன்றினால் வழிச்செலவு நான் தருகிறேன் என்கிறான். கல்யாணம் முதலில் நடந்துவிடுகிறது. காதல் பிறகு வருகிறது, மாடு கறப்பதற்கும் ரொட்டி சுடுவதற்கும் நடுவில்.

அந்த ஊர் வாசகிக்கு இது போய்விட்ட ஒரு காலத்தின் கதை, கொஞ்சம் ஏக்கத்தோடு படிப்பாள். நம் ஊர்ப் பெண்ணிடம் இதைக் கொடுத்தால், "எங்க அம்மா கதை மாதிரி இருக்கே" என்பாள். முன்பின் பார்க்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவன் எப்படிப்பட்டவன் என்று பிறகு மெல்லத் தெரிந்துகொள்வது இங்கே பெரும்பாலான பெண்களுக்கு நடப்பு. தமிழில் ரமணிசந்திரனுக்கு இவ்வளவு வாசகிகள் ஏன் என்று கேட்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இலக்கிய நண்பர்கள் அவர் பெயரைச் சொன்னதும் உதட்டைச் சுழிப்பார்கள். இருக்கட்டும். கட்டாயத்தில் நடந்த கல்யாணம், தப்பாகப் புரிந்துகொண்ட கணவன், ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் இரண்டு பேர் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதும்போது, வாசகி தன் பயத்தைத்தான் அங்கே பார்க்கிறாள்: எனக்கு வரப்போகிறவன் நல்லவனாக இருப்பானா? கதை அவளுக்கு 'இருப்பான்' என்று சொல்கிறது. அதற்கு முன் அவன் நூற்றைம்பது பக்கம் திமிராக நடந்துகொள்வதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது என்பது வேறு விஷயம். அந்தத் திமிர் எனக்கு உறுத்தும். அங்கே உடல் சம்பந்தமாக எதுவும் 'அசிங்கமாக' இல்லைதான், ஆனால் அவன் பேசும் சில பேச்சுகள் அசிங்கம்தான்.

இந்த வகைக் கதை இங்கே பத்திரிகைக் காலத்தில் வந்ததல்ல. தமிழின் முதல் நாவல் என்று நாம் சொல்லும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) இதே வகைதான். எழுதிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்து மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ஆனால் கதையில் கோயில் மணியும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. பாத்திரங்கள் இந்து முதலியார் குடும்பங்கள். அவருடைய மதம் கதைக்குள் நன்னடத்தையாக மட்டுமே வருகிறது. முக்கியப் பாத்திரங்களை முழுக்க நல்லவர்களாகவே படைத்ததற்கு, ஆங்கில நீதியாசிரியர் டாக்டர் ஜான்சனின் கருத்தைத் துணைக்கு அழைத்து முன்னுரையில் காரணம் சொல்கிறார். அதாவது முதல் நாவலே, 'இது நல்ல புத்தகம், வீட்டில் வைக்கலாம்' என்ற உத்தரவாதத்தோடுதான் வாசலுக்குள் வந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு பேரும் முழு நல்லவர்கள் என்றால் கதை எங்கிருந்து வரும்? வேதநாயகத்துக்கே இது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் உபகதைகளையும் வேடிக்கைகளையும் அள்ளிப் போடுகிறார். பிரதாபனும் ஞானாம்பாளும் ஒருவரை ஒருவர் நேசிக்கும் பகுதிகள் எனக்கு நீதிபோதனை வகுப்பாகத்தான் இருக்கின்றன. நாவல் திடீரென்று உயிர் பெறுவது விக்கிரமபுரியில். புருஷனைத் தேடி ஆண் வேஷத்தில் கிளம்பும் ஞானாம்பாள், யானை மாலை போட்டதால் அந்த ஊருக்கு ராஜாவாகிவிடுகிறாள். புருஷன் அங்கே சிறையில் இருக்கிறான். அவள் சிம்மாசனத்தில், அவன் கைதியாக. நாயகியின் கற்புக்குத் துளிக் குறையும் வரவில்லை. ஆனால் யாருக்கு யார் மேல் அதிகாரம் என்பது தலைகீழாகிவிட்டது. ஒரு முன்சீப் 1879இல் இதை அச்சில் விட்டார், யாரும் புத்தகத்தை ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. அந்த நன்னடத்தைச் சான்றிதழ் இருந்ததால்தான் இவ்வளவு தூரம் அவரால் போக முடிந்தது என்று நினைக்கிறேன்.

முழு நல்லவர்களை வைத்துக்கொண்டே மனம் பதறும்படி எழுத முடியும் என்பதற்கு எங்கள் மாவட்டத்துக்கு நெருக்கமான ஒரு சாட்சி உண்டு. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கோயில் எழுப்பிய ஏலாக்குறிச்சி, இதே அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்துப் பக்கம். அவர் 1726இல் முடித்த 'தேம்பாவணி' 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட பெருங்காப்பியம். நாயகன் சூசையப்பர், அவர் வைத்த தமிழ்ப் பெயரில் வளன். காப்பியத்தை பக்திக்காகவோ செய்யுள் நயத்துக்காகவோதான் நம் ஆட்கள் படிக்கிறார்கள். ஒரு கணவன் மனைவி கதையாகப் படித்துப் பாருங்கள். இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பே கன்னிமை விரதம் எடுத்தவர்கள். மணமகனைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் வளன் கையில் இருந்த கோல் பூக்கிறது. விரதத்தோடே கல்யாணம் நடக்கிறது. இதைவிடச் 'சுத்தமான' ஜோடி உலக இலக்கியத்தில் கிடைக்காது.

அப்புறம் 'ஐயந்தோற்று படலம்' வருகிறது. மனைவி கருவுற்றிருப்பது கணவன் கண்ணில் படுகிறது. அவளைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரிவதை இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கேட்கவும் முடியவில்லை. பிரிந்து போய்விடலாமா என்று தவிக்கிறார். விவிலியத்தில் ஒன்றிரண்டு வசனத்தில் முடிந்துவிடும் இடம் இது. முனிவர் இதற்கு ஒரு படலமும், ஐயம் நீங்குவதற்கு இன்னொரு படலமும் ஒதுக்கினார். வானவர் வந்து சொல்லித்தான் தீர்கிறது என்பது மத நம்பிக்கை. அதற்கு முன்னால் இருப்பது முழுக்க மனுஷத் தவிப்பு. தொடுகை என்ற ஒன்றைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் கணவன் மனைவிக்கு நடுவில் மிச்சம் இருப்பது நம்பிக்கை ஒன்றுதான், கதையின் எடை மொத்தமும் அதன் மேல் இறங்குகிறது. உடல் இருக்கிற கதைகளில் சண்டை போட்ட ஜோடி அடுத்த பக்கத்தில் கட்டிப்பிடித்துச் சரியாகிவிடலாம். இங்கே அந்தக் குறுக்குவழி கிடையாது.

கல்கிக்கு இது நன்றாகத் தெரியும். வரதராஜன்பேட்டையிலிருந்து தெற்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். அதைத் தாண்டி வீராணம் ஏரி. அந்த ஏரிக்கரையில் ஓர் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையில் வரும் வாலிபனோடுதான் 'பொன்னியின் செல்வன்' தொடங்குகிறது. எங்கள் ஊர் வாசகிகளுக்கு அது பஸ்ஸில் போய்ப் பார்க்கிற இடம். வந்தியத்தேவனை அவர்கள் சொந்தக்காரப் பையன் மாதிரிப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். 'ஆனா அவன் ரொம்பப் பொய் சொல்றான்டி' என்று ஒரு அக்கா குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். நிஜம்தான், நாவல் முழுக்கப் பொய் சொல்கிறான். டாக்டர் ஜான்சன் அவனைப் பாஸ் பண்ணியிருக்க மாட்டார். கல்கியின் சாமர்த்தியம் அங்கேதான்: காதல் சுத்தமாக இருக்கட்டும், காதலன் கொஞ்சம் போக்கிரியாக இருக்கட்டும்.

குந்தவைக்கும் அவனுக்கும் நடுவில் நடப்பது என்ன? அவள் ஒரு வேலை கொடுக்கிறாள், ஈழத்துக்குப் போய்த் தம்பியை அழைத்து வா என்று. அவன் போகிறான். அவ்வளவுதான். ஒருத்தி தன் குடும்பத்தின் உயிரையே இவனிடம் ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்கிறாள், ஒருவன் அந்த ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு கடல் தாண்டுகிறான். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை வருஷம் வாரா வாரம் வந்த தொடர் இது. வாசகியும் அவர்களோடு சேர்ந்து காத்திருந்தாள். சாண்டில்யனில் கதாநாயகியின் இடுப்புக்கே இரண்டு பக்கம் ஆகும், அதற்கும் ஆட்கள் இருந்தார்கள், அந்தப் புத்தகம் டிவி மேல் இருக்காது. ஆனால் ஒரு ஆண் தன்னை வர்ணிப்பதைவிட, தன்னை ஒரு புத்திசாலியாக மதித்து, தான் சொன்ன வேலையைச் செய்து முடிப்பது எத்தனை பெண்களுக்கு வாழ்க்கையில் கிடைத்தது? ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்தது இதற்காகத்தான் என்பது என் ஊகம்.

சரி, இந்தச் சுத்தத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு கல்கியைத் திரும்பப் படித்தால் கொஞ்சம் குளிர் எடுக்கிறது. நாவலின் எல்லா அழிவும் பெரியவர்கள் தடுத்து நிறுத்திய காதல்களிலிருந்துதான் பிறக்கிறது. சுந்தர சோழரின் இளமையில் ஊமைப் பெண் மந்தாகினி. ஆதித்த கரிகாலனின் இளமையில் நந்தினி. இரண்டு பேரும் அரண்மனைக்குத் தகுதியில்லாதவர்கள். ஏற்கக்கூடாத ஆசை அத்தனையையும் நந்தினியின் தலையில் கட்டியதால்தான் குந்தவை இவ்வளவு வெள்ளையாக நிற்க முடிகிறது. ஓடக்காரப் பெண் பூங்குழலிக்கு இளவரசன் மேல் ஆசை. அது நடக்காது. அவளுக்கு வாய்ப்பவன் முறைப்படி அத்தை மகனான சேந்தன் அமுதன், பூத்தொடுக்கிறவன். அவன் பிறப்பு ரகசியம் வெளிப்பட்டு அவனே சோழ இளவரசன் என்று ஆனதும் அவளும் அரசியாகிவிடுகிறாள். அந்தஸ்துச் சுவரை யாரும் இடிக்கவில்லை, மாப்பிள்ளை பிறப்பால் அந்தப் பக்கத்து ஆள் என்று தெரியவந்தது, அவ்வளவே. 'சிவகாமியின் சபத'த்தில் இந்தச் சலுகைகூட இல்லை. மாமல்லன் பாண்டிய இளவரசியைக் கட்டிக்கொள்கிறான், சிற்பி மகள் சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதரைக் கணவராக வரித்துக்கொள்கிறாள். அதை உன்னதம் என்று நினைத்து அழுதவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு சமூக ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

ஒரே கோயிலில் ஒரே பூசையில் முழங்கால் போடுகிறவர்கள், பெண் எடுக்க மட்டும் வேறு வேறு தெருவைப் பார்ப்பது நம் பக்கத்துக் கிராமங்களில் ரகசியம் அல்ல. அப்பா முன்னால் படிக்கக்கூடிய காதல் கதையில் அந்தத் தெருவைத் தாண்டுகிற காதல் மட்டும் வருவதே இல்லை. முத்தம் இல்லாததைக் கவனித்த அப்பாக்கள் இது இல்லாததையும் கவனித்திருக்கக்கூடும். இந்த நாவல்களில் ஊறிய ஒரு பெண்ணுக்கு நிஜமாகவே அப்படி ஒரு காதல் வந்தால், அவள் படித்த நூறு கதைகளில் ஒன்றுகூட அவளோடு வராது. ஓலையும் வராது, பிறப்பு ரகசியமும் வெளிப்படாது.

இத்தனைக்குப் பிறகும் நான் 'பொன்னியின் செல்வ'னின் கடைசி அத்தியாயத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். 'மலர் உதிர்ந்தது!' என்று பெயர். ஐந்து பாகம் முடிகிற இடத்திலும் வந்தியத்தேவன் குந்தவை கல்யாணம் நடப்பதில்லை, அதை முடிவுரையில் தகவலாகத்தான் சொல்கிறார். அந்த அத்தியாயத்தில் இருப்பது மணிமேகலை, அவனை மனசார விரும்பி, அவன் மனம் இன்னொருத்தியிடம் இருப்பது தெரிந்தும் அவனுக்காகக் கொலைப்பழியையே தன் மேல் போட்டுக்கொள்ளத் துணிந்த கடம்பூர்ப் பெண். புத்தி பேதலித்துப்போன அவள் அவன் மடியில் உயிர்விடுகிறாள். இவ்வளவு பெரிய கதையில் ஒரு பெண் ஒரு ஆணின் மடியில் தலைசாய்க்கக் கல்கி அனுமதித்தது இங்கே, அவள் சாகப்போகிறாள் என்பதால். பைண்டிங் பிரதிகளில் அந்தப் பக்கங்கள்தான் மற்றதைவிட அதிகம் நைந்திருக்கும்.