சுதமதியின் தோழமை

தோழி என்றதும் அகத்திணைத் தோழியே நம் நினைவுக்கு வருகிறாள். தலைவியின் காதலுக்குத் துணைநிற்பதன்றித் தனக்கென ஒரு வாழ்வு இல்லாதவள் அவள். மணிமேகலைக் காப்பியத்துச் சுதமதியையும் அவ்வரிசையிலேயே நிறுத்திப் பேசிச் செல்வோர் பலர். அது பொருந்தாது என்பதே என் கருத்து.

சுதமதி சண்பை நகரத்து அந்தணன் கௌசிகனின் மகள். மாருதவேகன் என்னும் விஞ்சையன் அவளைக் கவர்ந்து சென்று, பின்னர்ப் புகாரில் விட்டு நீங்கினான். மகளைத் தேடி வந்த தந்தையைப் பசு ஒன்று முட்டிக் குடல் சரியச் செய்தது. நாடிய இடத்தில் அடைக்கலம் கிடைக்கவில்லை. புத்தத் துறவி சங்கதருமனே தம் பாத்திரத்தை அவள் கையில் தந்துவிட்டு, முதியவரைத் தாமே தாங்கிச் சென்றார். சுதமதி அறநெறி கற்கத் தொடங்கியது அன்றுதான். மணிமேகலையோ கணிகையர் குலத்து மாதவியின் மகள். ஒருத்தி பிறப்பால் வந்த மதிப்பை இழந்தவள். மற்றவளுக்கு இழப்பதற்கு அத்தகைய மதிப்பே இல்லை. குலம் பிரித்து வைத்த இவ்விருவரையும் ஒன்று சேர்த்தது கல்வியே.

அத்தோழமையின் பயனை உவவனத்தில் காண்கிறோம். மலர் கொய்யச் செல்லும் மணிமேகலைக்கு எந்தச் சோலை தீங்கற்றது எனத் தேர்ந்து கூறுபவள் சுதமதி. தான் பட்ட துன்பமே அவளுக்குப் பாடநூல். இளவரசன் உதயகுமரன் எதிர்ப்பட்டபோதும் அவள் அஞ்சி ஒதுங்கவில்லை. யாக்கையின் நிலையாமையை அவனுக்கே எடுத்துரைக்கிறாள். கேட்டறிந்த அறம் இடர் வந்த வேளையில் சொல்லாகித் தோழியைக் காக்கிறது. ஏவல் செய்பவளின் பேச்சன்று அது, கற்றவளின் பேச்சு.

ஆயினும் சாத்தனார் இத்தோழமைக்கு முழு நீதி செய்யவில்லை. முற்பிறப்பில் மாதவியும் சுதமதியும் மணிமேகலையின் தமக்கையராகிய தாரை, வீரை என்கிறார். வினைக்கோட்பாட்டிற்கு அது வேண்டியதாகலாம். ஆனால், உறவு இல்லாதிருந்தும் ஒன்றுபட்ட இரு உள்ளங்களின் சிறப்பு அதனால் குறைகிறது. அன்றியும், மணிமேகலை வஞ்சியில் ஆண்தவசியின் வடிவு கொண்டு சமயவாதியரை வினவுகிறாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என அளவை நூல் பயில்கிறாள். அறவணருடனும் மாதவியுடனும் சுதமதியும் காஞ்சிக்கு வந்தவளே. ஆனால் அந்த உயர்கல்வியில் அவள் குரல் நமக்குக் கேட்கவில்லை. முதற்பாடம் சொன்னவள் முடிவில் மௌனமாகிறாள். 30 காதைகள் கொண்ட இக்காப்பியத்தின் குறை இது என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

1898இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய இந்நூல் நமக்குத் தொலைவானதன்று. மணிமேகலை சென்ற சாவகம் நம்மை அடுத்துள்ள தீவுகளுள் ஒன்றே என்பர் ஆய்வாளர். உம்பாய்க் கடற்கரையில் நின்று மலாக்கா நீரிணையை நோக்குபவர்க்கு அக்காப்பியத்தின் கடல் அயலாகத் தோன்றாது.

அக்கதையும் அயலன்று. தோட்டத்திலிருந்து வந்த சிறுமியும் நகரத்து வீட்டுச் சிறுமியும் ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே புத்தகத்தைப் பகிர்ந்து படித்ததை நம் மாநிலம் அறியும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவென்று அவருள் ஒருத்தி இடையில் நிறுத்தப்பட்டதையும் அறியும். மேலே படித்தவளின் வெற்றியை எழுதிய நாம், அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டோடு நின்றவளைப் பற்றி எத்தனை கதைகள் எழுதியுள்ளோம்?

சாத்தனார் நிறுத்திய இடம் அது. நம் எழுத்தாளர்கள் தொடங்க வேண்டிய இடமும் அதுவே.