வற்றல் டப்பா

கோடை வெயிலை மழைக்காலத்துக்குச் சேமித்து வைக்கும் வழி வற்றல். சுண்டைக்காயை லேசாகத் தட்டி, உப்பிட்ட மோரில் ஊறவைப்பார்கள். பகலில் வெயில், இரவில் மறுபடி மோர். மோர் முழுதும் இழுத்துக்கொண்டபின், கையிலெடுத்தால் கலகலவென்று ஒலிக்கும்வரை காயவேண்டும். கொத்தவரங்காய்க்கு உப்புநீரில் அரைவேக்காடு போதும், பிறகு வெயில்.

ஈரம் வற்றி உப்பேறிய காயில் பூஞ்சை எளிதில் அண்டாது. ஈரக்கை படாத டப்பாவில் மாதக்கணக்கில் கெடாது.

காய்கறி இல்லாத நாளில் ஒரு கைப்பிடி சுண்டை வற்றலை நல்லெண்ணெயில் கருகாமல் வறுத்து, புளிக்கரைசலும் குழம்புப் பொடியும் சேர்த்து, எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்கவிட்டால் வற்றல் குழம்பு. வற்றலிலேயே உப்பிருப்பதால் குழம்புக்குக் குறைத்துப் போடவேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். மிஞ்சிய குழம்பைச் சுண்டவைத்தால் மறுநாள் தயிர்சாதத்துக்கும் ஆகும். சுவையும் முதல்நாளைவிட ஒரு படி கூடியிருக்கும்.