கண்டவர் யார்?

ஹென்றி வால்டர் பேட்ஸின் ‘தி நேச்சுரலிஸ்ட் ஆன் தி ரிவர் அமேசான்ஸ்’ (1863) நூலைச் சமீபத்தில் மறுபடி படித்தேன். முதல்முறை படித்தபோது நான் எந்த மழைக்காட்டையும் பார்த்ததில்லை. இம்முறை, காரிப்பீ என்ற இடத்தில் அவர் எறும்புதின்னிகளைச் சந்திக்கும் பக்கங்களைத் தாண்ட முடியவில்லை.

எறும்புதின்னி என்றதும் நம் நினைவுக்கு வருவது செதில் போர்த்திய அழுங்கு. பேட்ஸ் எழுதுவது வேறு விலங்கு. ரோமமும் நீண்ட மூஞ்சியும் கொண்டது. அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது.

அவை தன் கைக்கு எப்படி வந்தன என்பதை பேட்ஸ் மறைப்பதில்லை. வீட்டில் இறைச்சி இல்லாதபோது ஃப்ளோரிண்டாவும் முதியவர் அந்தோனியோவும் நாய்களோடு போய்ப் பெரிய எறும்புதின்னியைக் கொண்டுவருகிறார்கள். கறி வாத்தைப் போல ருசித்ததாம்; ஊரார் தொடவில்லை. பின்னொரு நாள் அந்தோனியோவின் நாய் அத்ரெவீடோ அதன் நகங்களில் சிக்கிக் கிழிபடுகிறது. வியப்புக்கு முன்னால் பசியை வைக்கும் இந்த நேர்மை இன்றைய பயணக் கட்டுரைகளில் அரிது.

சின்னஞ்சிறு பட்டுரோம எறும்புதின்னி வரும் இடத்தில்தான் எழுத்து சறுக்குகிறது. மரப்பொந்தில் அசையாமல் ஒட்டியிருந்ததைப் பிடித்துவந்தவர் வெறும் ‘ஓர் இந்தியர்’. நாய்க்குக் கிடைத்த பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. அது பகலெல்லாம் சுருண்டு தூங்கும் பிராணி. நமக்கு மெத்தைப் பஞ்சு தரும் அதே இலவமரத்தின் வெடித்த காய்களுக்கிடையே இருந்தால் பஞ்சு என்றே தோன்றும். அதைக் கண்டுபிடித்த கண்தான் அந்தப் பக்கத்தின் பெரிய அறிவு. பேட்ஸ் அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்.

கோஸ்டா ரிக்காவின் கோர்கோவாடோ காட்டில் நானும் இதையே செய்தேன். கரையான் கூட்டைப் பிய்க்கும் சத்தத்தைக் கேட்டு நின்றவர் வழிகாட்டி. அவர் விரல் காட்டிய கிளையில் ஒரு தமாந்துவா: வெளிர் உடம்பு, கறுப்பு மேற்சட்டை போட்டதுபோல. சற்று நேரம் நக்கிவிட்டு அடுத்த கூட்டுக்கு நகர்ந்தது. டொராண்டோ திரும்பியதும் படத்தின் கீழே ‘நான் கண்ட எறும்புதின்னி’ என்று எழுதினேன். அலுவலகத்தில் ஓர் இளையவர் இரவெல்லாம் தேடிப் பிடித்த மென்பொருள் பிழையை என் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளும் அதே கை.

பேட்ஸ் பதினோரு வருடம் அங்கே வாழ்ந்து சிலரின் பெயரையாவது எழுதிவைத்தார். என்னோடு மூன்று நாள் நடந்தவரிடம் பெயர் கேட்டேன். எழுதிவைக்கவில்லை.