மழையும் தாளமும்

இசைத்தட்டுகளைச் சுழற்றுவதும் ஒரு கலையா என்று வினவும் அன்பர்கள் நம்மிடையே பலருளர். பிறர் இயற்றியதை எடுத்து ஒலிக்கச் செய்பவனுக்குத் திறமை யாது வேண்டும் என்பது அவர்களது வாதம். அண்மையில் ஒரு சனிக்கிழமை இரவு ஜொகூர் பாருவில், தோட்டத்திற் பிறந்த தமிழ் இளைஞர் ஒருவர் இரண்டு மணி நேரம் நிகழ்த்திய 'டீப் ஹவுஸ்' இசைக்கோவையைக் கேட்டோம். அதன் பின் அவ்வாதத்தை ஆராய்வது நமது கடமையாயிற்று.

இவ்விசையின் பிறப்பை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' நடனக்கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பார் இசைத்தட்டுகளை இணைத்து ஒலித்தார். அங்குக் கூடியோரிற் பெரும்பாலோர் கறுப்பினத்தார். ஆணை ஆண் காதலித்ததற்காக ஊரார் ஒதுக்கியவர்கள். 1979 ஜூலை 12ஆம் நாள் அந்நகரின் விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்வாறு இகழப்பட்ட இசையின் வழித்தோன்றலே 'ஹவுஸ்'. 1986இல் லேரி ஹேர்ட் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்' அதற்கு ஆழமும் கனிவும் ஈந்தது. நம் மூதாதையர் நாட்டிலும் 1982இல் பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங் பத்து இராகங்களை மின்கருவிகளில் டிஸ்கோ தாளத்தோடு இசைத்தார். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 2010இல் மறுபதிப்பு வந்த பின்னரே உலகம் வியந்தது.

அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மனார் அந்நானூறு பாட்டையும் பாடியவரல்லர். ஆயினும் தேர்வும் வரிசையும் அவருடையன. அத்தொண்டினை எவரும் இகழ்வதில்லை. நம் இளைஞர் செய்ததும் அத்தகைய தொழிலே. நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 அடியாக ஓடும் தாளத்தில், ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததன் தாளத்தை அதனோடு பொருத்தி, இணைப்புத் தெரியாவண்ணம் நகர்ந்தார். நடுவே தப்பொலி மெல்லப் புகுந்தபோது, குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களை விட்டு நகரம் புகுந்த முதியோர் சிலர் கண் கலங்கினர்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. இறுதி அரைமணி நேரம் லயத்துக் கூரையில் விழும் மழையொலியை இனிமையாகவே நீட்டினார். பால் வெட்டியவர்க்கு மழை வெறும் இனிமையா? மழை பெய்த நாளில் மரம் வெட்ட இயலாது, வேலையில்லையேல் கூலியில்லை. அம்மழையொலியைக் கேட்டுத் தாய்மார் அடுப்பை நோக்கிக் கவலையுற்றிருந்ததை மறந்த நினைவு, நினைவாகாது, மயக்கமே ஆகும். சிகாகோவினர் இசையின் கனிவு நம்மைத் தொடுவதற்குக் காரணம், அதனடியில் அவர்தம் துயரமும் ஒலிப்பதேயாகும்.

ஆதலின் அவ்விளைஞருக்கு நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த முறை மழையோடு விடியற்காலைப் பெரட்டு மணியும் ஒலிக்கட்டும். முதியோர் அப்பொழுதும் கண் கலங்குவர். அருகிருக்கும் பேரப்பிள்ளைகள் அதன் காரணத்தையும் அறிவர்.